நடுத்தண்ணீர்

கல்குவாரிக் குட்டையில் மூழ்கியவர்கள் மூன்றாம் நாள் ஊதி மேலே வந்துவிடுவார்கள். தெய்வானையின் கணவன் ஆறாம் நாளும் மிதக்கவில்லை. பிணம் எடுக்கும் சவரியப்பன் இரண்டு முறை அடித்தரைவரை தடவிவிட்டு வெறுங்கையோடு வந்தான். மூன்றாம் முறை இறங்கும்போதுதான், பாதி ஆழத்தில், வெயில் பச்சையாக மங்கும் இடத்தில் அவரைக் கண்டான். ஏறாமலும் இறங்காமலும் நட்டுவைத்ததுபோல நின்றிருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"நடுத்தண்ணில நிக்காரு," என்றான், மேலே வந்து மூச்சு வாங்கியபடி. "அடியில தண்ணி ஐஸ் மாதிரி குளுந்து கனமா கெடக்கு. அதான் தாங்குது போல. கயிறு குடுங்க."

"எந்தப் பக்கம் பாத்து நிக்காரு?" என்றாள் தெய்வானை.

"நீங்க நிக்கிற பக்கந்தாம்மா."

அவள் பாறை விளிம்பைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய் நின்றாள். சவரியப்பன் கயிற்றோடு மீண்டும் மூழ்கினான். அவர் அதே ஆழத்தில்தான் இருந்தார். தண்ணீரில் துளி அசைவில்லை. ஆனால் முகம் இப்போது எதிர்க்கரையைப் பார்த்திருந்தது.

கயிற்றைக் கட்டாமலே மேலே வந்தான்.

"அண்ணே, இப்போ எந்தப் பக்கம்?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"கயிறு எட்டலம்மா."

தண்ணீரிலிருந்து கண்ணெடுக்காமல், அவள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தாள்.