காரமில்லாத தீபாவளி

“இது என்ன, நோயாளிக்கு ஆக்கின கறியா?”

கனகலிங்கம் கரண்டியைச் சட்டிக்குள் எறிந்தார். ஆட்டுக்கறிச் சாறு அடுப்பெல்லாம் தெறித்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தீபாவளிச் சாயங்காலம். பக்கத்து வீடுகளுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர் மனைவி சிவமலர் தெறித்ததைத் துடைத்தாள்.

“கறியில காரம் இல்ல. கத்திரிக்காய்க் குழம்புல காரம் இல்ல. இறால் வெறும் தேங்காய்ப்பால்ல நீந்துது. சம்பலாவது உறைக்கும்னு பார்த்தா, அதுல சீனி போட்டு வச்சிருக்க. வறுத்து அரைச்ச தூள் டின் நிறைய இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுதான் போடல.”

“ஏன்?”

“இன்னைக்கு வேணாம். விடுங்களேன்.”

“எப்படி விடுறது? நாளும் கிழமையுமா இப்படி ஆக்கி வச்சா யார் தின்பாங்க?”

சிவமலர் கைத்துணியை வீசினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் அவள் குரல் உயர்ந்ததே இல்லை.

“என் மருமக சியூ லான் தின்பா. பாலன் அவளைக் கூட்டிட்டு வரான். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். சீனப் பொண்ணைக் கட்டிக்கிட்டான்னு ரெண்டு வருஷமா அவன் பேரைக்கூட இந்த வீட்டுல எடுக்க விடல நீங்க. பெத்த பிள்ளைக்குத் தீபாவளிக்கு ஒரு வாய் சோறு போட முடியல எனக்கு. அந்தப் பொண்ணு முதல் தடவையா இங்க கை நனைக்கப் போகுது. வாய் எரிஞ்சு எழுந்து போயிடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் சமைச்சேன். இன்னைக்கும் கதவைச் சாத்தினீங்கன்னா, நானும் அவங்க பின்னாலயே போயிடுவேன்.”

கனகலிங்கம் அவளையே முறைத்தார். பிறகு தூள் டின்னை இழுத்து, மூடியைப் பிடுங்கி, அள்ளிக் கறியில் போட்டார்.

சிவமலர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். “என்னங்க பண்றீங்க? சியூ லான் எப்படிச் சாப்பிடுவா?”

“நல்லாச் சாப்பிடுவா லா.” அவர் கையை உதறிக்கொண்டார். கோபம் இன்னும் தணியவில்லை. “சனிக்கிழமையானா செராஸுல அவங்க வீட்டுக்குப் போய் அவ கையால சாப்பிடறவன் நான். அவ வைக்கிற காரத்துல எனக்கே கண்ணுல தண்ணி வருது.”