வால் சுருண்ட கையெழுத்து

கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிவிட்டு, ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்ட பிள்ளையை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்?

அந்த அம்மாவுக்கு அடிக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

"ஏழாவது படிக்கும்போதே கள்ளக் கையெழுத்தாடி? உங்கம்மா எப்படிப் படிச்சா தெரியுமா?"

"தெரியும். எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க். நூறு தடவை சொல்லிட்டே." மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"நூத்தியோராவது தடவை கண்ணால பாரு!"

பீரோ மேலிருந்து பழைய பையை இறக்கினாள். வகுப்பு வாரியாக அவளுடைய கார்டுகள். அவள் அப்பா நூல் கட்டிப் பத்திரப்படுத்தியவை. பச்சை மையில் ஒன்று, ஒன்று, ஒன்று. பார்த்ததுமே கோபம் பாதி கரைந்தது. முதல் ரேங்குக்கு மட்டும் சாக்பீஸ் டப்பா தூக்கும் உரிமை. அதைத் தூக்கிக்கொண்டு என்ன நடை நடந்தாள்!

"அம்மா, எட்டாவது அரையாண்டுல நீ இருபத்திரண்டாவது ரேங்க்!"

அவள் கார்டைப் பிடுங்கப் பார்த்தாள்.

"தாத்தா கையெழுத்தும் மாறியிருக்கு. முன்னாடி அடியில நேர்கோடு. இதுல வால் சுருண்டிருக்கு."

நாற்காலியில் இருந்த அவள் அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முப்பது வருஷம் வங்கியில் செக் கையெழுத்துகளை ஒத்துப் பார்த்த மனிதர். அவரையா ஏமாற்றிவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

மகள் விடவில்லை. "அதுக்கப்புறம் எல்லாத்துலயும் சுருட்டுதான். எல்லாமே நீ போட்டதாம்மா?"

"ஐயோ, அந்த ஒண்ணுதான்டி! அப்பா..?"

"முழு ஆண்டுக்கு அதே கார்டுதானே என் கைக்கு வந்துச்சு," என்று பேப்பரை மடித்தார் அப்பா. "நான் நேர்கோடு போட்டா டீச்சர் உன்னைப் பிடிச்சிருப்பாங்க. அதான் உன் சுருட்டை நான் பழகிக்கிட்டேன். லேசுல வரல, ரெண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன்."

"ஏம்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?"

"மறுபடி முதல் ரேங்க் வாங்கிட்டு வந்து நின்னியேம்மா. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிக் கேக்குறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தாள்.

"நாளையிலேருந்து கணக்கு என்கூட. இப்போ என் கையெழுத்தை நீ எப்படிப் போட்டியோ, அப்படியே மெதுவா ஒரு தடவை போட்டுக் காட்டு கண்ணு. நான் பழகிக்கணும்."