பக்கத்து இடம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் போதாது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் பாசஞ்சரில் புதுசாகப் பெட்டிகள் சேர்த்தார்கள். அப்படியும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுத்தான் இடம் பிடிக்கிறார்கள். நானும் போட்டேன். ஓர் இடம் எனக்கு, பக்கத்து இடம் கால் நீட்ட.

திருக்கோவிலூரில், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் ஏறினாள்.

"இங்க ஆள் வராங்களா பெரியவரே?"

"என் பையன் வரான். அடுத்த டேசன்ல ஏறுவான்."

எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் கிடையாது.

அவள் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த ஸ்டேஷனும் வந்து போனது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. துண்டை எடுத்துவிட்டு, "உக்காரும்மா" என்றேன்.

"ஐயோ, பாவம், தூங்குறாரு. எழுப்பாதீங்க."

"யாரு தூங்குறது?"

எதிரே இருந்த வெங்காய வியாபாரி சிரித்தார். "பெத்த பிள்ளையவே யாருன்றாரு பாரு. அப்படியே உங்க ஜாடைங்க."

பக்கத்தில் காலி சீட்டுதான் இருந்தது. எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன். யார் மேலோ இடித்துவிடக் கூடாது என்பது போல, ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

திருவண்ணாமலையில் நான் மட்டும் இறங்கினேன். அவள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"பெரியவரே, பையனை விட்டுட்டுப் போறீங்களே!"

"பையனே இல்லம்மா. இடத்துக்காகப் பொய் சொன்னேன்."

அவள் பக்கத்தில் திரும்பி, தணிந்த குரலில் பேசினாள். "அழாதீங்க தம்பி. அப்பா சும்மா சொல்றாரு."

அது காலி சீட்டு. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். வண்டி கிளம்புவதற்குள் வேகமாக வெளியே நடந்தேன்.