கையை இறக்காதீங்க

"'நகையை வச்சுக்காதீங்க'ன்னு பிரெஞ்சுல எப்படி மேடம் சொல்றது?"

அன்றைக்கு அவள் எடுக்கும் ஒன்பதாவது ஆன்லைன் வகுப்பு. தொண்டை காய்ந்து, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கேமராவை அணைத்து வைத்திருந்த மாணவனுக்கு நாற்பதைத் தாண்டிய குரல். வணக்கம், நன்றி எல்லாம் வேண்டாமாம். 'செய்யாதீங்க' என்கிற மாதிரி கட்டளைகள் மட்டும் போதுமாம்.

முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பா', நடுவில் வினைச்சொல். அதைத்தான் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அட, அவங்களும் நம்மள மாதிரி கடைசியில 'பா' போட்டுத்தான் பேசுறாங்களா!" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு முன்னால் அவன் கேட்டு வாங்கியவை இரண்டு. அசையாதீங்க. கையை இறக்காதீங்க.

"எதுக்கு இதெல்லாம்?"

"ஒரு வேலைக்குத்தான் மேடம். நாளைக்குக் காலையில. முன்னாடியே வெளிய சொன்னா நடக்காது."



போன வாரம்தான் கூட வேலை பார்த்தவளை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியது. சந்தேகப்படும்படி பேசிய ஒருத்தனைப் பற்றி அவள் புகார் கொடுக்கவில்லையாம்.

திரையின் ஓரத்தில், புகார் கொடுப்பதற்கான சிவப்புப் பொத்தான். அழுத்தினால் இரண்டே நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். ஆளின் விவரம் போலீசுக்குப் போய்விடும்.

இன்னும் நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். யாருக்குத் தெம்பு இருக்கிறது?

"'மூச்சு விடாதீங்க' எப்படி மேடம்?"

அழுத்திவிட்டாள்.

"ந ரெஸ்பிரே பா" என்றாள், குரல் நடுங்காமல்.

மூன்று முறை சொல்லிப் பார்த்தான். பிறகு கேமராவைப் போட்டான்.

வெள்ளைக் கோட்டு. முன்வழுக்கை. பின்னால் சுவரில் ஒரு வெளிச்சப் பலகை; அதில் யாருடைய விலா எலும்புகளோ.

"உங்ககிட்ட மறைக்க மனசு வரல மேடம். இருபது வருஷமா எக்ஸ்ரே எடுக்குறேன். நாளைக்கு ஒரு பிரெஞ்சு ஆஸ்பத்திரியில இன்டர்வியூ. நோயாளிகிட்ட பேசிக் காட்டச் சொல்வாங்களாம்."

புகாரை ரத்து செய்ய அவள் பொத்தானைத் திரும்ப அழுத்தினாள். மறுபடியும். மறுபடியும். அது சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு மேடம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட, 'இப்போ விடலாம்'னு எப்படிச்—"

திரை இருண்டது.