தேவகியின் முதல் பஞ்சாயத்து

"சின்னம்மா அப்ப பஸ்ஸே எறங்கல. அதுக்குள்ள அம்மா கெணத்தடியில சோத்துத் தட்டோட குந்திகினு இருந்தாங்க. கேட்டா, ஆமா துன்னுட்டேன்றாங்க. சொல்லு, நீதான இப்ப தலைவி?"

பொன்னியம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். தேவகி தலைமைக்கு வந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

இவர்களை இன்று திருநங்கைகள் என்று மரியாதையாகச் சொல்கிறோம். 1982இல் ஆரணிக்காரர்கள் வாயில் என்ன பெயர் வந்தது என்பதை விட்டுவிடுவோம். பெற்ற வீடு துரத்தியவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்து, சேவூரில் ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்து, இருபத்திரண்டு வருடம் கட்டி ஆண்டவள் காசியம்மாள். எல்லோருக்கும் அவள்தான் அம்மா.

உயிரோடு இருக்கும்போதே பதவியை விட்டு எழுந்தவர்களை நாட்டில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவள் எழுந்தாள். மூத்தவள் பொன்னியம்மாள் இருக்க, மூன்றாமவள் தேவகியைக் கைப்பிடித்துத் தன் பாயில் உட்கார வைத்தாள்.

எல்லோரும் புதுத் தலைவியின் காலைத் தொட்டார்கள். பொன்னியம்மாள் தொடவில்லை. அவள் துணி மூட்டை வாசலில் தயாராக இருந்தது. வேலூர் போகிறாளாம். அவள் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். அப்புறம் அந்த வீடு வீடாக இருக்காது.

அங்கே பெரிய விதி ஒன்றுதான். வெளியே போன கடைசி ஆள் திரும்பும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. ஒருத்தி பஸ் நிலையத்தில் அடிபட்டுக் கிடந்தது தெரியாமல் மற்றவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்ட ஒரு நாளுக்குப் பிறகு காசியம்மாள் போட்ட விதி. மீறினால் மூன்று நாள் எல்லோர் தட்டையும் கழுவ வேண்டும். காய்ச்சலில் இருந்தவளுக்குக்கூட அவள் சலுகை தந்ததில்லை.

தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றிவிட்டு வந்த சின்னம்மாள், தன்னால்தான் எல்லாம் என்பது போலக் கதவோரம் ஒடுங்கி நின்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும், வயசானவங்க, சர்க்கரை வியாதி வேற, விட்டுடு என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

விட்டுவிடலாம்தான். விட்டால் பொன்னியம்மாள் மூட்டையைத் தூக்குவாள். நியாயமும் அவளோடு வேலூருக்கு பஸ் ஏறிவிடும்.

தேவகி அம்மாவைப் பார்த்தாள். பதினாறு வயதில் ஆற்றங்கரையில் சுருண்டு கிடந்தவளை எழுப்பி, பசிக்கிறதா என்று கேட்டவள் அவள்தான். அவளுக்கா தண்டனை?

"மூணு நாளு தட்டு கழுவுங்கம்மா. சர்க்கரை இருக்கறவங்க முன்னாடி சாப்பிடலாம்னு நாளையிலேர்ந்து மாத்திக்கலாம். இன்னிக்கு இந்த விதிதான்."

குரல் நடுங்கியது. தீர்ப்பு நடுங்கவில்லை.

காசியம்மாள் எழுந்தாள். சின்னவர்கள் பெரியவர்களுக்கு வைக்கும் கும்பிடைத் தன் மகளுக்கு வைத்தாள்.

பிறகு பொன்னியம்மாள் வந்து, குனிந்து, தேவகியின் காலைத் தொட்டாள். வாசலில் இருந்த மூட்டையை அவளே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முன்னாலேயே சாப்பிட்ட காசியம்மாள் மட்டும் சுவரோரம் காத்திருந்து, தட்டுகளை வாரிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மனசு கேட்காமல் தேவகியும் பின்னால் போனாள். அம்மாவுக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. சாம்பலில் தேய்த்த தட்டு இரண்டு முறை நழுவி விழுந்தது.

தண்ணீர் இறைத்துக் கொடுக்கலாமென்று துவைகல் ஓரம் கவிழ்த்திருந்த வாளியைத் தூக்கினாள் தேவகி.

அடியில் ஒரு தட்டு இருந்தது. நிறையச் சோறு. மேலே ஊற்றிய குழம்பு ஆடை கட்டிக் காய்ந்திருந்தது. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

காசியம்மாள் தலை நிமிராமல் கேட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா? பசிக்குது."