குனிந்த கழுத்து

மேடையில் உட்கார்ந்திருந்த கொழுந்துவேலுக்குக் கீழே இருந்தவர்களைப் பார்க்கவே இளக்காரமாக இருந்தது. அவர் தொடங்கி வளர்த்த மென்பொருள் கம்பெனி அது. அவர் மறுத்தும் கேளாமல் அதை வளைத்துப்போட வந்த இளம்பரிதி, ஒரு பங்குக்குச் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு தருவதாக அறிவித்துவிட்டு, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். விற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வந்த பங்குதாரர்களோ, வாசலில் கொடுத்த மைசூர்பாகு போன வருஷம் போல இல்லை என்று சலித்துக்கொண்டே தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவரான சந்தானகோபால் நெய்க்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு வருஷமும் கொழுந்துவேலுக்குப் பொன்னாடை போர்த்துகிறவர் அவர்தான். ஊரிலுள்ள மற்ற கம்பெனித் தலைவர்களுக்கும் அவரேதான்.

“ஐயா முகத்துக்காகத்தானே இத்தனை வருஷமா பங்க விக்காம வச்சிருந்தோம்! ஐயா எங்களுக்குத் தெய்வம் மாதிரி!” என்று மைக்கில் தழுதழுத்தார்.

அரங்கம் கைதட்டியது. இதுகளுக்கு ஒரு இனிப்புப் பெட்டி போதும் என்று கொழுந்துவேல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வழக்கம்போல எழுந்து, கைகூப்பி, கண்களை மூடி, குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

சால்வையை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. கைதட்டல் வலுத்தது. யாரோ விசிலடித்தார்கள். கழுத்தில் மட்டும் எதுவும் விழவில்லை.

“ஐயா, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க” என்று சந்தானகோபாலின் குரல், இளம்பரிதி உட்கார்ந்திருந்த முன்வரிசைப் பக்கமிருந்து வந்தது.

கொழுந்துவேல் கண்களைத் திறக்காமல், கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.