பெரிய நர்ஸின் தப்புகள்

"நேத்து ஒரு தப்புப் பண்ணிப் போட்டேன், அம்மிணிகளா!"

காலையில் ஆஸ்பத்திரியில் ஆள் மாறும் நேரத்தில் பெரிய நர்ஸ் ராமாத்தாள் இப்படி ஆரம்பித்தாலே, அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸ் மாரக்காளுக்கு எரிச்சல் தலைக்கேறும்.

போன வாரம் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு உடைத்தாளாம். "பச்சத் தண்ணியில போட்டுத்தான் அடுப்புல வெக்கோணும்" என்று அதற்கொரு பாடம் வேறு. அதற்கு முன்னால், ஒரு குழந்தைக்குக் குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை இரண்டு தடவை ஊற்றிவிட்டாளாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இவளோ, கூடம் நேராகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஆடத் தெரியாது என்று தினமும் தண்டோரா போடுகிறாள்! இவளுக்கெல்லாம் யார் இந்தப் பதவியைக் கொடுத்தது?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாரக்காள் டாக்டர் காதில் போட்டுவிட்டாள்.

"ஏனுங்க டாக்டரய்யா, ஒரு நாளைக்கு நீங்களே வந்து நின்னு கேளுங்க."

இன்று டாக்டர் கதவுக்குப் பின்னால் நின்றார்.

ராமாத்தாள் வழக்கம்போலத் தொடர்ந்தாள். "ஜட்கா வண்டியில இருந்து உழுந்தாரே, நாமகிரிப்பேட்டை காளியண்ணன், அவரு கால்ல துணிக்கட்டு ரொம்ப இறுக்கிப் போட்டேன். வெரலெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. நல்ல வேளை, விளக்கு வெக்கற நேரத்துல பாத்து அவுத்துக் கட்டுனேன். கட்டுப் போட்டா வெரலத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா ஒடனே அவுத்துருங்க."

அந்தக் கட்டைப் போட்டுவிட்டு நேற்று வீட்டுக்குப் போனவள் மாரக்காள்தான்.

டாக்டர் சீறிக்கொண்டு உள்ளே வந்தார். "ஒரு மனுஷன் கால் போயிருக்கும்! ராமாத்தாள், இனிமேல் நீங்க பெரிய நர்ஸ் இல்லை. மாரக்காள் பார்த்துக்கட்டும்."

ராமாத்தாள் இடுப்பிலிருந்த மருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸ் வஹீதுன்னிசா மாரக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். "சிரிஞ்ச ஒடச்சது நாந்தாங்க்கா. வேலை போயிருமோன்னு நடுங்கிட்டிருந்தேன். என் பேரைச் சொல்லவே இல்லீங்க்கா, அவங்க."

ஆசைப்பட்ட பதவி கைக்கு வந்தாயிற்று. மாரக்காளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

டாக்டர் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"அந்தக் கட்டுப் போட்டது நானுங்க, டாக்டரய்யா. தப்புப் பண்றதெல்லாம் நாங்க. பேச்சு வாங்கறது மட்டுந்தானுங்க அவங்க!"